அஷ்டமி எந்த நாள்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதிவிடக்கூடாது. உங்கள் அப்பா தவறி ஓராண்டு ஆகப்போகிறது. தலைத்திவசம் ஐப்பசி தேய்பிறை அஷ்டமியில். ஊரில் பெரியப்பா வைத்திருக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளைக் காட்டுகிறது. அண்ணன் போனில் இருக்கும் ஆப், இன்றைய வானியல் அளவுகளை வைத்துப் போடும் திருக்கணிதப்படி, அதற்கு முந்தைய நாளைக் காட்டுகிறது. வீட்டில் பேச்சு தடித்துவிட்டது. நீங்கள் பொறியியல் படித்தவர். ‘இருப்பது ஒரே நிலா, அதற்கு எப்படி இரண்டு அஷ்டமி? ஒன்று தப்பென்றால் அதை வைத்து இத்தனை காலம் செய்த சடங்கெல்லாம் வீணா? அறிவியலை ஏற்றால் மதத்தை விட்டுவிட வேண்டியதுதானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நாளைப் பற்றிக் கேட்டாலும், உங்களை உறுத்துவது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தியவன். மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்து மாணவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வானம் காட்டுவது அதோடு சேர்ந்த வேலை. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்து வந்த பெரியவர் ஒருவரிடம் விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்து வாக்கிய முறையைக் கற்றுக்கொண்டேன். தர்மசாஸ்திரத்தை முறையாகப் படித்தவனில்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வதை, படித்த ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வானத்தைப் பற்றி நான் சொல்வதை யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே மாடிக்குப் போய்ப் பார்த்துவிடலாம்.

வாக்கியம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். பலர் அதை ஏதோ வேதவாக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, அது ஓர் அட்டவணை. முதல் நாள் அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு ‘கீர்ந: ச்ரேய:’ என்றார். அப்புறம் ‘தேநவ: ஸ்ரீ:’ என்றார். கேட்பதற்கு ஏதோ வாழ்த்து மாதிரி இருந்தது. ‘எழுத்தை எண்ணாக்கு’ என்றார். கடபயாதி என்று ஒரு முறை உண்டு, அதில் ஒவ்வொரு சமஸ்கிருத மெய்யெழுத்துக்கும் ஓர் எண். கீ என்பதில் வருவது க வர்க்கத்தின் மூன்றாவது எழுத்து, ஆகவே 3. ந என்றால் 0. ச்ரே என்ற கூட்டெழுத்தில் கடைசி மெய்யான ர-வை மட்டும் எடுத்தால் 2. ய என்றால் 1. 3, 0, 2, 1. இதை வலமிருந்து இடமாகப் படித்தால் 1203. அதாவது 12 பாகை 3 கலை. பாகை என்பது டிகிரி, கலை என்பது அதில் அறுபதில் ஒரு பங்கு. நிலா பூமியிலிருந்து மிகத் தொலைவில், மிக மெதுவாக நகரும் இடத்தில் தொடங்கினால் முதல் நாள் முடிவில் அது நகர்ந்திருக்கும் தூரம் அது. ‘தேநவ: ஸ்ரீ:’ 9, 0, 4, 2. திருப்பினால் 24 பாகை 9 கலை. இரண்டாம் நாள் முடிவில் நிலா அங்கே நிற்கும்.

இப்படி 248 வாக்கியங்கள். ஏன் 248? நிலா பூமிக்கு மிகத் தொலைவான இடத்திலிருந்து கிளம்பி மறுபடி அதே நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள், 248 நாளுக்கு வெகு அருகில் வந்து நிற்கும். ஆக ஒன்பது சுற்று முடிந்ததும் அட்டவணை தானாகத் திரும்பத் தொடங்கிவிடும். முதல் நாள் 12 பாகை நகரும் நிலா, இரண்டு வாரம் கழித்து அதே வாக்கியங்களில் ஒரு நாளைக்கு 14 பாகைக்கு மேல் நகர்கிறது. நிலாவின் வேகம் மாறுவதை யாரோ பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்து, கணக்காக்கி, பாட்டாக்கி, பேரப்பிள்ளை மறக்காதபடி நாக்கில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மரபு இவற்றை வரருசியின் பெயரில் சொல்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவன் இன்னும் நுட்பமான வாக்கியங்களைச் செய்தார். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களுக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்ற நூல் 1300-ஐ ஒட்டி எழுந்தது. இதைக் கற்றுக்கொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நாள் இயற்பியல் நடத்தியும் இது தெரியாமல் இருந்தோமே என்ற ஆதங்கம்தான்.

வெளியாரும் இதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். லெ ஜென்டி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்று மேகம் மூடிவிட்டது. காத்திருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-இல் நடந்த சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணித்துப் பார்த்ததில், கிரகணம் நீடித்த நேரம் 41 வினாடிதான் குறைந்தது. அன்றைக்கு ஐரோப்பாவில் பேர்போன மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிக் காட்டியது. ஆனால் 1825-இல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். ஜான் வாரன் என்ற அதிகாரிக்காகப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களிலிருந்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. கையில் ஒரு தாள்கூட இல்லாமல் இது பெரிய சாதனைதான். ஆனால் அந்தக் கணிதருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்று வாரன் எழுதி வைத்திருக்கிறார். கணக்கு கைமாறி வந்துகொண்டே இருந்தது. அந்தக் கணக்கை உண்டாக்கிய பார்வை வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. உங்கள் வீட்டுத் தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, உங்கள் அஷ்டமிக்கு வருவோம். நிலாவின் பாதை வட்டமில்லை என்பதால் வரும் வேக மாற்றத்தை வாக்கியம் பிடித்துவிட்டது. ஆனால் நிலாவைச் சூரியனும் இழுக்கிறது. அந்த இழுப்பின் பலன் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஒரு விதமாகவும், அரை நிலா நாட்களில் வேறு விதமாகவும் இருக்கும். சராசரி வேகத்தில் போயிருந்தால் நிலா இருக்க வேண்டிய இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம், அமாவாசை பௌர்ணமியில் ஏறக்குறைய 5 பாகை வரை போகும். அரை நிலாவில் அதுவே ஏழரைப் பாகை வரை போகும். வாக்கியம் எல்லா நாளுக்கும் 5 பாகையையே வைத்துக்கொள்கிறது. ஏன் 5? பழையவர்கள் கணக்கைச் சரிபார்த்தது கிரகணத்தை வைத்து. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும்தான் வரும். கண்ணால் துல்லியமாகப் பார்க்க முடிந்த நாட்களுக்கு ஏற்பக் கணக்கைத் தீட்டினார்கள். அந்த நாட்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அரை நிலா நாளான அஷ்டமியில்தான் உதைக்கிறது.

எவ்வளவு உதைக்கும்? அதிகபட்சம் இரண்டரைப் பாகை. ஒரு திதி என்பது நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகும் நேரம், சராசரியாக ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. ஆக இரண்டரைப் பாகை என்றால் நான்கைந்து மணி நேரம். எல்லா அஷ்டமியிலும் இவ்வளவு வராது, சில மாதங்களில் இரண்டு பஞ்சாங்கமும் சில நிமிடங்களுக்குள் ஒத்துப்போகும். ஆனால் திவசத்துக்குப் பிற்பகலில் எந்தத் திதி இருக்கிறது என்று பார்ப்பார்கள். நான்கு மணி நேரம் முன்னே பின்னே போனால் நாளே மாறிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். திதி பௌர்ணமியாக இருந்திருந்தால் பெரியப்பாவுக்கும் அண்ணனுக்கும் இந்த வாக்குவாதம் பெரும்பாலும் வந்தே இருக்காது.

திருக்கணிதம் என்பதில் உள்ள ‘திரு’ மரியாதைச் சொல் இல்லை. த்ருக் என்றால் பார்வை. பார்வையோடு ஒத்துப்போகும் கணிதம். நிலாவும் கிரகங்களும் எங்கே நிற்கின்றன என்ற கேள்விக்கு அதுதான் சரியான விடை, இதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. வாக்கியப் பஞ்சாங்கம் போடுகிறவர்களே கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துக்கொள்வது உண்டு என்று அந்தப் பெரியவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். கிரகணத்தை ஊரே நிமிர்ந்து பார்க்கும். அஷ்டமியின் தொடக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

நிலாவை விடச் சனியில் இது பளிச்சென்று தெரியும். திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17 அன்று கும்ப ராசிக்கு வந்தது. திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி நடப்பதால் அங்கே அதே பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20 அன்று நடந்தது. இடையில் 337 நாள். அந்த டிசம்பர் மாத மாலைகளில் மேற்கே சனி நன்றாகத் தெரிந்தது. வாக்கியம் சொல்லும் இடத்துக்கும் அது நிற்கும் இடத்துக்கும் கிட்டத்தட்ட 8 பாகை தள்ளி. கையை நீட்டி முஷ்டியை மடக்கி வானத்தில் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அதில் முக்கால் பங்குக்கும் சற்று மேலே. முழு நிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பதினாறு கொள்ளும். இது நுணுக்கமான கருவியால் மட்டும் தெரியும் பிழை அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளை கை முஷ்டியால் அளந்துவிடலாம், என் மாடியில் அளந்தும் இருக்கிறார்கள்.

இந்தப் பிழை எப்படிச் சேர்ந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 499-இல் ஆரியபடர் கொடுத்த எண்களின்படி சனி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 10,766 நாள். இன்றைய அளவு 10,759 நாள். ஒரு சுற்றுக்கு, அதாவது இருபத்தொன்பதரை ஆண்டுக்கு, 7 நாள்தான் வித்தியாசம். வெறும் கண்ணால் பார்த்து இவ்வளவு நெருங்கியதே பிரமிப்பு. ஆனால் 1500 ஆண்டில் சனி ஐம்பத்தொரு சுற்று சுற்றிவிட்டது. ஏழு நாளை ஐம்பத்தொன்றால் பெருக்கினால் 350 நாளுக்கு மேல். சனி சராசரியாக ஒரு நாளைக்கு 2 கலை நகரும் என்பதால் இது 11, 12 பாகைப் பிழையாக வளர்ந்திருக்க வேண்டும். 8 பாகையோடு நிற்பதற்கு ஒரு காரணம், நடுவே வந்தவர்கள் சில திருத்தங்கள் செய்திருக்கிறார்கள். ஆகவே என் கணக்கைப் பிழையின் திசைக்கும் பருமனுக்கும் ஓர் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், துல்லியமான விளக்கமாக அல்ல.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. இது அறிவியலுக்கும் மதத்துக்கும் நடக்கும் சண்டையா? நான் பல ஆண்டு அப்படித்தான் நினைத்திருந்தேன், வகுப்பிலும் அப்படியே சொல்லியிருக்கிறேன். வாக்கியத்தைக் கற்ற பிறகு அந்த எண்ணம் மாறியது. திருத்து, வானத்தைப் பார், கணக்கு ஒத்துவராவிட்டால் மாற்று என்று முதலில் சொன்னவர்கள் பூசையும் திதியும் தவறாமல் செய்த அந்த ஆட்களேதான். கேரளத்தில் பரமேசுவரர் 1431-இல் த்ருக்கணிதம் என்ற பெயரிலேயே நூல் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களையும் கிரகங்களையும் பார்த்துப் பார்த்துக் குறித்து, பழைய எண்களைத் திருத்தினார். அவர் வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி, பெயரே சொல்வதுபோல் சோமயாகம் செய்தவர். ஜோதிர்மீமாம்சை என்ற நூலில், காலந்தோறும் பார்த்துத் திருத்துவது கணிதனின் கடமை என்று வாதாடுகிறார். ஒடிசாவில் சாமந்த சந்திரசேகரர் 19-ஆம் நூற்றாண்டில் மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்த கருவிகளால் நிலாவை அளந்தார். நான் மேலே சொன்ன, சூரியன் இழுப்பதால் வரும் அந்த மாற்றங்களை ஐரோப்பிய நூல்களின் துணையில்லாமல் தாமே கண்டார். அவருடைய சித்தாந்த தர்ப்பணம் 1899-இல் அச்சானது. பூரி ஜகந்நாதர் கோயிலின் வழிபாட்டு நேரங்கள் அவர் கணக்கை ஏற்றன. தெய்வத்துக்குச் செய்யும் காரியம் சரியான நேரத்தில் நடக்க வேண்டும் என்ற தவிப்புதான் அவரை ஆண்டுக்கணக்கில் இரவுகளில் விழிக்க வைத்தது.

நம் சென்னையிலேயே சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருந்தார். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தில் உதவியாளர், நெற்றியில் நாமம், கையில் தொலைநோக்கி. 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவர உழைத்தவரும் அவரே. 1880-இல் மறைந்தார். இந்தப் பெயரைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் நாம் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். உங்கள் அண்ணன் போனில் இருக்கும் ஆப், அந்த வகையில் பார்த்தால், மேற்கிலிருந்து வந்து மரபை உடைக்கும் பொருள் இல்லை. ரகுநாதாச்சாரியின் பேரன் மாதிரிதான்.

அதற்காகப் பெரியப்பா பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. வாக்கியத்தைப் பிடித்துக்கொள்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் ஒன்று உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் 5 நாழிகை வரை கூடலாம், 6 நாழிகை வரை குறையலாம் என்பது பழைய கணக்கு. பாண விருத்தி, ரஸ க்ஷயம் என்பார்கள். சிராத்தம், ஏகாதசி விதிகள் எல்லாம் இந்த அளவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது அவர்கள் தரப்பு. திருக்கணிதத்தில் திதி 67 நாழிகை வரை நீளும், 50 நாழிகை வரை குறுகும். அப்படிக் குறுகும்போது சில விதிகளை எப்படிப் பொருத்துவது என்று சிக்கல் வருகிறது. சடங்குக்கான திதி என்பது சடங்கு விதிகளோடு பிறந்த ஓர் அளவு, அது வானத்து நிலாவோடு கலைக்குக் கலை பொருந்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்கிறார்கள். இந்த வாதத்தை இயற்பியலால் தள்ள முடியாது. ஒரு விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பதைக் கொண்டாடுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதே மூச்சில் ‘இன்றுதான் சனி ராசி மாறுகிறது’ என்றும் சொன்னால், அது வானத்தைப் பற்றிய கூற்று. அதை மாடியில் வைத்து நான் சோதிப்பேன். சோதித்தால் அது தப்பு.

சடங்குக்கும் வானத்துக்கும் நடுவே இந்த எல்லைக்கோட்டை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து போடவில்லை. நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு வேத வாக்கியங்கள் சொன்னாலும் அவை பிரமாணம் ஆகா என்று சங்கரர் கீதை உரையில், கடைசி அத்தியாயத்தில், எழுதுகிறார். கண்ணுக்கும் அனுமானத்துக்கும் எட்டுகிற விஷயத்தில் சாத்திரம் பேச வேண்டிய தேவை இல்லை, எட்டாத விஷயத்தில்தான் அதற்கு இடம் என்பது அந்தப் பக்கத்துப் பெரியவர்களே வகுத்த முறை. ஆரியபடர், வராகமிகிரர் காலத்திலேயே கிரகணம் நிழலால் வருகிறது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். ராகு விழுங்கும் கதையும் தொடர்ந்தது, கிரகண முழுக்கும் தொடர்ந்தது. யாருடைய பக்தியும் அதனால் குறையவில்லை.

திருக்கணிதக்காரர்கள் ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புகிறது என்று இரண்டு பஞ்சாங்கத்தாரும் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் நட்டு நண்பகல் நிழலை அளந்தால் டிசம்பர் 21-இல் 68 சென்டிமீட்டர் வரும், ஆண்டிலேயே அதுதான் நீளமானது. பொங்கலன்று அதே நிழல் 63 சென்டிமீட்டர். சூரியன் மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பிவிட்டது. பூமியின் அச்சு பம்பரம்போல மெதுவாகத் தலையாட்டுவதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இந்த விலகல் சேர்கிறது. ஆயிரத்தைந்நூறு, ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளை ஒட்டி வந்தன. வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு நாடெங்கும் முப்பது விதமான பஞ்சாங்கங்கள் புழங்குவதைக் கண்டு இதையெல்லாம் ஆராய்ந்தது. அது பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் அரசிதழிலும் வானொலியிலும் இருக்கிறது, எந்த வீட்டிலும் இல்லை. பொங்கலை டிசம்பருக்கு மாற்றச் சொல்லி நான் கேட்க மாட்டேன். தை பிறப்பதும் புது நெல் வீட்டுக்கு வருவதும் ஒன்றாகிவிட்ட ஊர் இது. பிள்ளைகளுக்கு அந்த நிழலை மட்டும் அளந்து காட்டிவிட வேண்டும் என்பேன்.

கிறித்தவத்திலும் இதே கதை நடந்தது. ஈஸ்டர் நாள் வானத்தோடு ஒத்துவரவில்லை என்று போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் நாட்காட்டியைத் திருத்தினார், அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ரஷ்ய மரபுத் திருச்சபை இன்றும் பழைய கணக்கில் நிற்பதால் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வருகிறது. அவர்களுடைய வழிபாடு வீண் என்று யாரும் சொல்வதில்லை.

சனிப்பெயர்ச்சியை எடுத்ததால் இன்னொன்றையும் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுகிறேன். கிரகம் எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி, அது உங்கள் வேலையையும் கல்யாணத்தையும் ஆள்கிறதா என்பது வேறு கேள்வி. திருக்கணிதம் முதல் கேள்விக்குச் சரியான பதில் தருவதால் இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டது என்று பலர் பேசுகிறார்கள். இல்லை. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் புனேயில் 2008-இல் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு தரப்பின் ஜாதகங்களையும் கலந்து, 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு நாற்பது கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார். 46 சதவீதம்தான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது வரும். ஒரே சோதனையால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜாதகம் பலிக்கிறது என்று காட்டும், வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனை எதையும் இத்தனை ஆண்டில் நான் பார்க்கவில்லை. ஏழரைச் சனி என்று பயந்துபோய் என் மாடிக்கு வந்தவர்களுக்கு அந்த வளையத்தைக் காட்டியிருக்கிறேன். கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். பயம் போனதா என்று தெரியாது, இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்காமல் போனவர்கள் குறைவு.

அப்பாவுக்குச் செய்யும் திதி அவரைச் சென்று சேர்கிறதா? இதற்கு என் இயற்பியலில் விடை கிடையாது. சேரவில்லை என்று சொல்லவும் அதற்கு வழி இல்லை, சேர்கிறது என்று சொல்லவும் வழி இல்லை. அறிவியல் மதத்தை முழுக்கப் பொய்யாக்கிவிட்டது என்பவர்களும், மதத்தில் இல்லாத அறிவியல் எது என்பவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாகப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். நான் என் அம்மாவுக்கு ஆண்டுதோறும் திதி கொடுக்கிறேன். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கும்போது அவள் கை நினைவுக்கு வருகிறது. அதற்குமேல் நான் எதையும் நிரூபித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் என் வகுப்பில் நான் நடத்திய ஒரு சமன்பாடும் கெட்டுப்போனதில்லை.

இனி நடைமுறை. அப்பா தவறிய அன்று அஷ்டமி என்று குறித்தார்களே, அதை எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அநேகமாகக் காரியம் செய்து வைத்தவரிடம் இருந்தது. அது வாக்கியமாக இருந்தால், திருக்கணிதப்படி அந்த நேரத்தில் சப்தமியோ நவமியோகூட இருந்திருக்கலாம். அரை நிலாவில் அப்படி நடக்கும் என்று மேலே பார்த்தோம். பிறகு ஒன்றில் திதியைக் குறித்துக்கொண்டு இன்னொன்றில் நாளைத் தேடினால் இரண்டு கணக்கிலும் சேராத நாளில் போய் நிற்பீர்கள். குறித்த பஞ்சாங்கத்திலேயே நாளையும் பாருங்கள், வருங்காலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதத்துக்கு மாற விரும்பினால் அதுவும் முடியும். தவறிய தேதி, மணி, ஊர் மூன்றையும் வைத்து அன்றைய திதியைத் திருக்கணிதப்படி மறுபடி கணித்து, அதை வீட்டுப் பெரியவர்களும் வாத்தியாரும் ஒப்புக்கொண்ட பின் மாறுங்கள். மருத்துவமனைச் சான்றிதழில் மணி இருக்கும். பெரியப்பாவிடம் பேசும்போது, வாக்கியம் தப்பு என்று ஆரம்பிக்காமல், ‘கீர்ந: ச்ரேய:’ தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தேதியையும் மணியையும் எனக்கு அனுப்பினால் இரண்டு முறையிலும் போட்டு அனுப்புகிறேன், ஒரு மாலை வேலைதான்.